கிழக்கே அஞ்சலாபீஸ்

நாகர்கோவில் கோட்டாற்றில், கம்போளத்தை ஒட்டிய தெருவில் நாற்பது வருஷத்துக்கு மேல் ஆதாரம் எழுதினேன். எனக்கு முன்னால் அதே திண்ணையில் அப்பா எழுதினார். கம்போளம் என்றால் கடைவீதி, ஆதாரம் என்றால் பத்திரம். திருவிதாங்கூர் போய் இத்தனை காலமாகியும் எங்கள் வாயை விட்டுப் போகாத சொற்கள். இடிந்துபோன கட்டிடத்தைப் பற்றி யார் கேட்டாலும் என் பக்கம் கையைக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. நான் சரித்திரம் படித்தவன் இல்லை, மனைகளின் நாலெல்லை எழுதியவன். அந்த அளவுக்குத்தான் என் பதில்கள்.

கேள்வி: அண்ணாச்சி, எங்கள் கடையின் மூல ஆதாரத்தில் ‘கிழக்கே அஞ்சலாபீஸ்’ என்றிருக்கிறது. கிழக்கே இப்போது செல்போன் கடைதான். அங்கே எப்போதாவது தபாலாபீஸ் இருந்ததா? (கோட்டாற்று வியாபாரி)

தபாலாபீஸ் இல்லை தம்பி, அஞ்சலாபீஸ். அந்தக் காலத்தில் ரெண்டும் வேறு வேறு. தபால் பிரிட்டிஷ்காரனுடையது, அஞ்சல் மகாராஜாவுடையது. சங்கு முத்திரை, தனி ஸ்டாம்பு, சக்கரம் என்ற திருவிதாங்கூர் நாணயக் கணக்கில் கட்டணம். அஞ்சலோட்டக்காரர் மணி கட்டிய கோலோடு ஓடிவருவார், சத்தம் கேட்டால் வழிவிட வேண்டும் என்று அப்பா சொல்வார். நான் பார்த்ததில்லை. 1951 ஏப்ரல் 1-ல் அஞ்சலை இந்தியத் தபால் துறையோடு சேர்த்துவிட்டார்கள், அப்போது எனக்கு ஒரு வயசு. இன்றைக்குத் தமிழ்நாடு முழுக்க ‘அஞ்சல் துறை’ என்று எழுதுகிறார்கள். அந்தப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் அப்பா சிரிப்பார்.

நீங்கள் கேட்கும் கட்டிடம் எனக்கு நினைவு தெரிந்தபோது உர மூட்டை அடுக்கும் இடமாக இருந்தது. முன்னால் மூன்று தூண், தெருப் பக்கச் சுவரில் ஒரு முழத்துக்கு ஒரு முழம் சதுரமாக ஒரு ஓட்டை, அதற்கு மரக்கதவு. ஸ்டாம்பு விற்ற ஜன்னல் அதுதான். பள்ளிக்கூடம் போகிற வழியில் அதற்குள் தலையை விட்டுக் கத்தினால் உள்ளே இருந்து நம் குரல் திரும்பி வரும். 1960-களின் கடைசியில் இடித்தார்கள்.

அந்தக் கட்டிடத்தால் நான் பட்ட அவமானத்தையும் சொல்லிவிடுகிறேன். 1978-ல் அதற்கு மேற்கே இருந்த ஒரு மனைக்குக் கிரய ஆதாரம் எழுதினேன். அப்பா எழுதியிருந்த பழைய ஆதாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு ஈயடிச்சான் காப்பியாக ‘கிழக்கே அஞ்சலாபீஸ் சுவர்’ என்று எழுதிவிட்டேன். சுவர் போய்ப் பத்து வருஷம் ஆகியிருந்தது. கிழக்கு மனைக்காரர் புதிதாகக் கட்டும்போது ஒன்றரை அடி இந்தப் பக்கம் தள்ளி அஸ்திவாரம் தோண்டினார். வழக்காகி, என்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். ‘இந்தச் சுவரை எழுதின அன்றைக்கு நீர் பார்த்தீரா?’ என்று வக்கீல் கேட்டார். பார்க்கவில்லை என்றேன். கோர்ட்டே சிரித்தது. அதற்கப்புறம் டேப்பை எடுத்துக்கொண்டு மனைக்குப் போகாமல் நான் ஒரு எல்லையும் எழுதியதில்லை. இந்தத் தெருவைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் முக்கால்வாசி அந்த நடையில் தெரிந்துகொண்டது.

கேள்வி: பாட்டா, ஆதாரத்தில் வருஷம் 1107 ஆடி மாசம் என்று போட்டிருக்கிறது. 900 வருஷப் பழசா? (கல்லூரி மாணவர்)

அவ்வளவு பழசாக இருந்தால் மியூசியத்துக்குத்தான் கொடுக்க வேண்டும். அது கொல்லம் ஆண்டு. ஆவணியில் பிறக்கும். ஆவணியிலிருந்து டிசம்பர் முடிய 824-ஐக் கூட்டு, அதற்குப் பிறகு 825. உன்னுடையது ஆடி, அதனால் 1932.

கேள்வி: அதே ஆதாரத்தில் கடையின் நீளம் ‘9 கோல் 12 விரல்’, மாச வாடகை ‘5 பணம்’ என்று உண்டு. (அதே மாணவர்)

கோல் என்பது ஆசாரிமார் முழக்கோல். 24 விரல் ஒரு கோல், இன்றைய அளவில் 72 சென்டிமீட்டர். ஆக உன் கடை 22 அடிக்குக் கொஞ்சம் மேல். பணம் என்றால் 4 சக்கரம். 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாயாக இருந்தால் 28 சக்கரம் 8 காசு. இந்த 8 காசுக்காக எங்கள் திண்ணையில் சண்டையே நடந்திருக்கிறது. அதனால்தான் அப்பா எப்போதும் எந்த ரூபாய் என்று சேர்த்து எழுதுவார்.

கேள்வி: சார், பழைய மரக்கடையில் சில பலகைகள் வாங்கினேன். ஓரத்தில் ‘எ’, ‘அ’, ‘கூ’ என்று செதுக்கியிருக்கிறது. யாருடையதாவது பெயரா? (கட்டிடக்கலை படிப்பவர்)

பெயர் இல்லை அம்மா. 7, 8, 9. தமிழ் எண்கள். நீங்கள் வாங்கியிருப்பது ஒரு கடையின் கதவு.

எங்கள் தெருவில் ஷட்டர் வருவதற்கு முன்னால் எல்லாக் கடைக்கும் நிரைப் பலகைதான். கீழே வாசற்படியிலும் மேலே உத்தரத்திலும் நீள நெடுகக் காடி, அதாவது பள்ளம், வெட்டியிருக்கும். ஒரு ஓரத்தில் மட்டும் காடி அகலமாக இருக்கும். அந்த வாய் வழியாகப் பலகையை நுழைத்து மறு ஓரத்துக்குத் தள்ள வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாகப் பத்துப் பன்னிரண்டு பலகை. கடைசிப் பலகையை வைத்துக் குறுக்கே இரும்புப் பட்டையைப் போட்டுப் பூட்டினால் கடை அடைத்தாகிவிட்டது. ஒவ்வொரு பலகையும் அதனதன் இடத்துக்கு இழைத்தது. ஏழாவதை எட்டாவதின் இடத்தில் வைத்தால் கடைசிப் பலகை நுழையாது. அதற்குத்தான் எண்.

எங்கள் எதிர்க்கடைப் பலகைகள் அயினி மரம். ஐப்பசி மழையில் ஊதிக்கொள்ளும். காலையில் கடைப் பையன் ‘கூ’ பலகையைக் குதிகாலால் உதைக்கிற சத்தம்தான் எங்களுக்கு ஏழு மணிச் சங்கு. கழற்றிய பலகையில் ரெண்டைச் செங்கல் மேல் போட்டால் அதுவே வாடிக்கையாளர் பெஞ்சு, மிச்சம் சுவரில் சாய்ந்திருக்கும். உங்கள் பலகையின் நடுப்பகுதி வழவழவென்று இருக்கிறதா, தடவிப் பாருங்கள். இருந்தால் அது பெஞ்சாக வேலை பார்த்த பலகை. தயவுசெய்து பாலிஷ் போடாதீர்கள்.

கேள்வி: அம்மா பிறந்த வீடு படிப்புரை (வாசல் கட்டு), மங்களா (கூடம்), அறப்புரை (நெல் அறை) எல்லாம் உள்ள பெரிய வீடாம். இப்போது அந்த இடத்தில் ஐந்து கடைகள். யாரும் வீட்டை விற்றதாகச் சொல்லவில்லை. அப்புறம் வீடு எங்கே போனது? (திருவனந்தபுரத்தில் வசிப்பவர்)

இந்தத் தெருவில் பாதி வீட்டை இடித்தது நம் திண்ணைதான் என்று அப்பா சொல்வார்.

நாஞ்சில் நாட்டு வேளாளருக்கு மருமக்கள்வழி இருந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மாமன் சொத்து மருமகனுக்கு, அதாவது சகோதரி மகனுக்கு. பெற்ற மகனுக்கு ‘உகந்துடைமை’ என்று ஏதோ கொஞ்சம். அந்த முறை குடும்பங்களை என்ன பாடுபடுத்தியது என்பதைக் கவிமணி ‘மருமக்கள்வழி மான்மியம்’ எழுதிச் சிரிக்கச் சிரிக்கக் காட்டினார், கீழே அழுகை இருக்கும். ஆனால் கட்டிடத்தின் கணக்கில் பார்த்தால், ஒருவரும் தன்னிச்சையாகப் பிரிக்க முடியாததால் வீடு முழுசாக நின்றது. 1101-ஆம் கொல்லம் ஆண்டில், அதாவது 1926-ல், நாஞ்சிநாட்டு வேளாளர் சட்டம் வந்தது. பாகம் பிரிக்க வழி திறந்தது. மனுஷருக்கு நல்லது, வீட்டுக்குக் கேடு.

ஒரு பாகப்பிரிவினை நகல் என்னிடம் இருந்தது. வீட்டை நான்காக வகுத்திருந்தார்கள். ஒருவருக்குப் படிப்புரை, ஒருவருக்கு மங்களா, ஒருவருக்கு அறப்புரையும் மாட்டுத் தொழுவும், கடைசித் தங்கைக்கு அடுக்களை. கிணறு அடுக்களைப் பங்கில் போய்விட்டதால் மற்ற மூவருக்கும் ‘தண்ணீர் கோரிக்கொள்ளவும், வாளியோடு போகவர 3 அடி வழி நடக்கவும்’ உரிமை. மங்களாவின் நடுத்தூண் சரியாக எல்லைக் கோட்டில் நின்றது. அதைப் ‘பொதுத் தூண்’ என்று எழுதியிருந்தார்கள். பொதுத் தூணை யார் பழுது பார்ப்பது? யாரும் பார்க்கவில்லை. கரையான் அரித்து அது இறங்கியபோது ஒரு பங்கு பிரித்துக் கடையானது. அடுத்த பங்குக்கு மழை உள்ளே வந்தது, அதுவும் கடையானது. உங்கள் அம்மா வீட்டிலும் ஏறக்குறைய இதுதான் நடந்திருக்கும். ஐந்து கடைகளில் எதன் பின்பக்கமாவது ஒரு கிணறு மூடிக் கிடக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: மணிமேடையும் ஒருநாள் போய்விடுமா? (மீனாட்சிபுரம்)

நிற்கிறதைப் பற்றி ஏன் இப்போதே? 1893-ல் மூலம் திருநாள் மகாராஜா வந்து திறந்த மணிக்கூண்டு அது. கடிகாரம் லண்டன் மிஷன் பாதிரியார் ஜேம்ஸ் டத்தி மகாராஜாவுக்குக் கொடுத்தது. என் வருத்தமெல்லாம் அதைச் சுற்றி முளைத்த விளம்பரப் பலகைகள் மேல்தான்.

கேள்வி: பாட்டி ‘வண்டிப்பேட்டை’ என்று ஒரு இடம் சொல்வார். ரயிலடிப் பக்கமா? (துபாயிலிருந்து)

ரயில் எங்கள் ஊருக்கு 1979-ல்தான் வந்தது, திருவனந்தபுரம் பக்கமிருந்து. திருநெல்வேலித் தடம் 1981. பாட்டி சொன்னது மாட்டுவண்டிகள் அவிழ்த்துப்போடும் மைதானம். திருநெல்வேலியிலிருந்து வரும் சரக்கெல்லாம் ஆரல்வாய்மொழிச் சவுக்கையில், அதாவது சுங்கச் சாவடியில், தீர்வை கட்டி வர வேண்டும், வந்த மாடுகளுக்குத் தண்ணீரும் வைக்கோலும் இங்கே. கல்தொட்டி ஒன்று நான் வேலையை விடும் வரைக்கும் ஒரு டீக்கடை வாசலில் கிடந்தது, எச்சில் கிளாஸ் கழுவ.

கேள்வி: ஐயா, எல்லோரும் அந்தத் தெருவை இவ்வளவு ஆசையாகப் பேசுகிறீர்கள். எங்கள் பாட்டி தெருவில் நடக்கவிடாத காலத்தைத்தான் சொல்வார். உங்கள் ஆதாரங்களில் அது உண்டா? (சுசீந்திரத்திலிருந்து ஒரு ஆசிரியை)

இல்லை டீச்சர். யார் இடம் எதுவரை என்று எழுதுவோம். யார் எதுவரை வரலாம் என்பது ஊருக்கே தெரிந்த சங்கதி, அதனால் ஒருவரும் எழுதவில்லை. உங்கள் ஊர்க் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காக 1926-ல் சத்தியாக்கிரகம் நடந்தது. டாக்டர் எம்.ஈ. நாயுடு முன்னின்று நடத்தினார். கோயில் கதவு திறந்தது 1936 நவம்பர் 12 ஆலயப் பிரவேசப் பிரகடனத்துக்குப் பிறகு.

எங்கள் வீட்டு வரிசைக்குப் பின்னால் மூன்றடிச் சந்து ஒன்று உண்டு. முன்வாசல் திறந்து கிடக்க, நெல் கொண்டுவருகிறவர்கள் ஏன் பின்பக்கமாக வருகிறார்கள் என்று சின்ன வயசில் அப்பாவிடம் கேட்டேன். அவர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டே இருந்தார். அந்தச் சந்தை இப்போது எல்லா ஆதாரத்திலும் ‘பொதுப்பாதை’ என்று எழுதுகிறார்கள், நானும் அப்படித்தான் எழுதினேன். உங்கள் பாட்டி சொல்வதை எழுதி வையுங்கள். அது எங்களிடம் இல்லை.

கேள்வி: என் மனையில் முன்பு என்ன கட்டிடம் இருந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (பலர் கேட்டது)

முதலில் உங்கள் ஆதாரத்தை எடுத்து மூல ஆதாரம் வரை பின்னால் போங்கள். வில்லங்கச் சான்றிதழில் கம்ப்யூட்டர் காட்டாத பழைய வருஷங்களுக்குச் சார்பதிவாளர் ஆபீஸில் மனுப் போட்டுப் பதிவேட்டில் தேடச் சொல்லுங்கள். பெரும்பாலும் ‘மனையும் அதிலுள்ள வீடும்’ என்பதோடு முடிந்திருக்கும். அதற்காகச் சோர்ந்துவிட வேண்டாம். பக்கத்து மனைக்காரரிடம் போய் அவருடைய பழைய ஆதாரத்தைக் கேளுங்கள். உங்கள் மேற்கு எல்லை அவருக்குக் கிழக்கு எல்லை. உங்கள் வீட்டை உங்கள் ஆதாரம் வீடு என்றுதான் சொல்லும், அவருடையது ‘ஓட்டுச்சாய்ப்பு உள்ள வெற்றிலைக் கடை’ என்று சொல்லும். நாலு பக்கத்து ஆதாரமும் கிடைத்தால் கட்டிடம் ஏறக்குறைய எழுந்து நிற்கும்.

பழைய காகிதம் மடிப்பில் உடையும், அடிக்கடி விரிக்காதீர்கள். செல்லோடேப் ஒட்டவே ஒட்டாதீர்கள். படிக்க முடியவில்லை என்றால் நேரில் கொண்டுவாருங்கள், சாயங்காலம் நாலு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். மலையாள எழுத்தாக இருந்தாலும் பரவாயில்லை.