பஃபே உணவகங்களில் கொடுத்த காசுக்கு நிறைவாகச் சாப்பிடுவது எப்படி? வெளிநாட்டில் போனால் எதைக் கவனிக்க வேண்டும்?

‘அன்லிமிடெட்’ என்று பலகை வைத்த எந்தக் கடையிலும் ஏதோ ஓரிடத்தில் ஒரு லிமிட் ஒளிந்திருக்கும். சில ஊர்களில் அது கடிகாரம், சில ஊர்களில் தட்டில் மிஞ்சியதற்கு அபராதம். நம்மூரில் பெரும்பாலும் வயிறுதான் லிமிட், அதைச் சீக்கிரம் நிரப்பும் வித்தை கடைக்காரருக்கு நன்றாகத் தெரியும். உட்காரும்முன் அந்தக் கடையின் லிமிட் எது என்று கண்டுபிடித்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது.

மேசையிலேயே கரி அடுப்பு வைக்கும் பார்பெக்யூ பஃபேக்களில் தொடங்கலாம். 2006-இல் மும்பையில் தொடங்கிய பார்பெக்யூ நேஷன் வழியாக இந்த முறை நம் நகரங்களுக்கெல்லாம் பரவிவிட்டது. மேசையில் ஒரு சின்னக் கொடி இருக்கும். அது நிமிர்ந்திருக்கும்வரை ஸ்டார்ட்டர்கள் வந்துகொண்டே இருக்கும், சாய்த்தால்தான் நிற்கும். பலர் சறுக்குவது இங்கேதான். கம்பியில் இறால், மீன், கோழி வருவதற்குள் பொரித்த உருளைக்கிழங்கும் சோளமும் இரண்டு மூன்று முறை வந்து போகும். மாவுச்சத்தும் எண்ணெயும் சேர்ந்த அவை கடைக்கு மலிவு, வயிற்றுக்குக் கனம். ருசி பார்க்க ஒரு வாய் போதும். கூடவே குளிர்பானம் குடித்தால் அதன் வாயுவும் இடத்தை அடைத்துக்கொள்ளும். அங்கே உருளைக்கிழங்கு நன்றாகத்தான் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் இறால் வருகிற மேசையில் அதற்கு இரண்டாம் தட்டு தேவையில்லை.

கம்பிகளை அடுப்பின்மேல் அப்படியே விட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருப்பது இன்னொரு தவறு. அவை சமையலறையில் ஏறக்குறைய வெந்துதான் வருகின்றன, மேசை அடுப்பு சூடு காப்பதற்கும் லேசாகக் கருக்குவதற்கும்தான். ஐந்து நிமிடம் தாண்டினால் பன்னீர் ரப்பராகும், இறால் சுருங்கிக் கெட்டியாகும். பக்கத்தில் வைக்கும் பிரஷ்ஷால் ஒரு முறை தடவி, திருப்பி, உடனே தட்டுக்கு இறக்குங்கள். பிடித்த ஒன்று திரும்ப வரவில்லையென்றால் பரிமாறுபவரிடம் பெயர் சொல்லிக் கேளுங்கள். கேட்டவர் மேசைக்குத்தான் முதலில் வரும்.

பசியைப் பற்றி ஒரு வார்த்தை. காலையிலிருந்து பட்டினி கிடந்து மதியம் போவது வீண். கடும்பசியில் கை வேகமாக ஓடும். வயிறு நிறைந்ததை மூளை உணர 15, 20 நிமிடம் பிடிக்கும். அதற்குள் கைக்கு முதலில் கிடைத்ததால் நிரம்பிவிடுவீர்கள். மூன்று நான்கு மணி நேரம் முன்பு இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனால் நிதானம் இருக்கும்.

நட்சத்திர விடுதிகளின் ஞாயிறு ‘பிரஞ்ச்’, அதாவது காலை உணவையும் மதிய உணவையும் சேர்த்துப் போடும் விருந்து, வேறு வகை. அங்கே முதல் சுற்றைத் தட்டில்லாமல் நடந்து முடியுங்கள். மூடிகளைத் திறந்து பாருங்கள், லைவ் கவுன்டர்களில் என்ன செய்கிறார்கள் என்று கவனியுங்கள். நுழைந்ததும் கண்ணில் படுவது ரொட்டி, சூப், சாலட். கடைக்கு விலை அதிகமான மீன், ஆட்டுக்கறி, சீஸ் எல்லாம் உள்ளே தள்ளி இருக்கும் அல்லது ஆள் நின்று வெட்டிக் கொடுப்பார். என் கணக்கு எளியது: வீட்டில் செய்ய முடியாததும், தனியாக வாங்கினால் விலை கடிப்பதும் முதலில். புலாவும் பட்டர் நானும் எந்த நாளும் எங்கும் கிடைக்கும். ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி, ஒரு தட்டில் நான்கைந்து வகைக்கு மேல் வேண்டாம். குளிர்ந்தவை ஒரு தட்டு, சூடானவை ஒரு தட்டு. எல்லாவற்றையும் ஒன்றாகக் குவித்தால் சாலட் சாஸ் மட்டன் குழம்பில் கலந்து இரண்டும் கெடும்.

சூடான உணவு 60 டிகிரி செல்சியஸுக்கு மேலும், குளிர்ந்தது 5 டிகிரிக்குக் கீழும் இருக்க வேண்டும். இடைப்பட்ட வெப்பத்தில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். தெர்மாமீட்டர் கொண்டுபோக வேண்டாம். மூடியைத் திறந்ததும் ஆவி எழ வேண்டும். குழம்பின்மேல் ஆடை படிந்து, பாத்திர ஓரம் காய்ந்திருந்தால் அது வெகுநேரம் நின்றது. அடுத்த டிரே வரும்வரை பொறுங்கள். மயோனைஸ் கலந்த சாலட், வெட்டிவைத்த பழம், சுஷி ஆகியவை ஐஸ் படுக்கையிலோ குளிர்ப்பெட்டியிலோ இல்லையென்றால் தொட வேண்டாம். வேகவைக்காத சிப்பியைக் கர்ப்பிணிகளும் முதியவர்களும் தவிர்ப்பது நல்லது. நிலக்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் பஃபேயில் இரட்டிப்புக் கவனத்தோடு இருக்க வேண்டும், ஏனென்றால் ஒரு பாத்திரத்துக் கரண்டி இன்னொன்றில் நுழைவது தினமும் நடப்பதுதான்.

இனி பில். விளம்பரத்தில் பார்க்கும் விலை கடைசி விலையாக இருப்பது அரிது. இந்தியாவில் சாதாரண உணவகத்தில் 5 சதவீத ஜிஎஸ்டி, அறை வாடகை உயர்ந்த நட்சத்திர விடுதிகளில் 18. அதே 1000 ரூபாய் பஃபே ஓரிடத்தில் 1050, இன்னோரிடத்தில் 1180. சர்வீஸ் சார்ஜை பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது, டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதிசெய்தது. வேண்டாமென்று சொன்னால் எடுத்துவிட வேண்டும். வார நாள் மதியம் பெரும்பாலும் மலிவு, சனி ஞாயிறு இரவு உச்சம்.

சிங்கப்பூரில் விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி போட்டிருப்பார்கள். அதற்குப் பொருள் 10 சதவீத சேவைக் கட்டணமும், அதையும் சேர்த்த தொகையின்மேல் ஜிஎஸ்டியும். 2024 முதல் ஜிஎஸ்டி 9 சதவீதம். 80 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) பஃபே முதலில் 88 ஆகி, பிறகு 95.92 ஆகும். அதனால் அங்கே பழகியவர்கள் ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ என்ற கிரெடிட் கார்டு சலுகை எந்த விடுதியில் ஓடுகிறது என்று பார்த்துத்தான் முன்பதிவு செய்கிறார்கள். ஹலால் வேண்டுவோர் அந்நாட்டு இஸ்லாமிய சமய மன்றமான முயிஸின் சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள். ‘பன்றி இறைச்சி இல்லை’ என்ற பலகை அதற்கு ஈடாகாது.

இந்த எல்லாவற்றிலும் திட்டமிட்டுச் சாப்பிட வேண்டிய நாடு ஜப்பான். 1958-இல் டோக்கியோ இம்பீரியல் ஹோட்டல் ஸ்வீடன் நாட்டு விருந்து முறையைப் பார்த்து ‘இம்பீரியல் வைக்கிங்’ என்ற உணவகத்தைத் திறந்தது. இன்றும் அங்கே விடுதி பஃபேக்களை வைக்கிங் என்றே சொல்கிறார்கள். ஆனால் நகரத் தெருக்களில் அதிகம் பார்ப்பது ‘தபேஹோதாய்’ கடைகள், அதாவது ஒரே விலைக்கு வேண்டிய மட்டும் சாப்பிடும் கடைகள். யாகினிகு என்றால் மேசையிலேயே இறைச்சி சுடுவது, ஷாபு-ஷாபு என்றால் கொதிக்கும் சூப்பில் முக்கி எடுப்பது. நேரம் பெரும்பாலும் 90 அல்லது 120 நிமிடம். கடைசி ஆர்டரை 20, 30 நிமிடம் முன்பே மூடிவிடுவார்கள். ஆக 90 நிமிடக் கடையில் ஆர்டர் செய்யக் கையில் இருப்பது ஒரு மணி நேரம்தான்.

விலையில் இரண்டு மூன்று படிகள் இருக்கும், மேசையில் உள்ள எல்லோரும் ஒரே படியைத்தான் எடுக்க வேண்டும். டேப்லெட்டில் ஆர்டர், ஒரு சுற்றுக்கு இத்தனை தட்டு என்று வரம்பும் உண்டு. முந்தைய சுற்றை அடுப்பில் போட்டதுமே அடுத்ததை அனுப்பிவிடுங்கள், தட்டு வந்து சேர ஐந்து பத்து நிமிடம் ஆகலாம். உப்பு மட்டும் தடவிய மெல்லிய நாக்கு இறைச்சியை முதலில் சுடுங்கள். சாஸில் ஊறியதை முதலில் போட்டால் அதன் சர்க்கரை கம்பிவலையில் கருகி, பின்னால் வருவதெல்லாம் கசக்கும். வலை கருகிவிட்டால் மாற்றித் தரச் சொல்லலாம். பச்சை இறைச்சிக்கு ஓர் இடுக்கி, வெந்ததை எடுக்க வேறு குச்சி. பன்றியையும் கோழியையும் உள்ளே இளஞ்சிவப்பு மறையும்வரை விடுங்கள். மிச்சம் வைத்தால் கூடுதல் கட்டணம் கேட்கும் கடைகள் உண்டு. கொரியாவிலும் அப்படித்தான், அங்கே அதற்குச் ‘சுற்றுச்சூழல் கட்டணம்’ என்று பெயர்.

சைவர்களுக்கு ஜப்பான் கடினம். காய்கறிச் சூப் என்று தோன்றுவதில் மீன் சாறு இருக்கும். ஷாபு-ஷாபுவில் கடற்பாசியில் எடுத்த ‘கொம்பு’ சூப்பைக் கேளுங்கள், அதிலும் மீன் கலக்கவில்லையே என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். தொட்டுக்கொள்ளும் சாஸையும் விசாரியுங்கள்.

பிரேசிலின் ரொடிசியோவில் நீங்கள் எழ வேண்டியதே இல்லை. பரிமாறுபவர்கள் வாள் போன்ற கம்பியில் இறைச்சியோடு மேசை மேசையாக வந்து சீவிப் போடுவார்கள். பல கடைகளில் ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் சிவப்பாக ஒரு வட்ட அட்டை இருக்கும். பச்சை தெரிந்தால் நிற்காமல் வரும், சிவப்புக்குத் திருப்பினால் மூச்சு வாங்கலாம். முதலில் தொத்திறைச்சியும் கோழியும் வரும், தலையசைத்து அனுப்பிவிட்டுப் ‘பிக்கான்யா’வுக்குக் காத்திருங்கள். மாட்டின் பின்புறத்தில் கொழுப்புப் பட்டையோடு வெட்டியது, அங்கே போவதே அதற்காகத்தான். நன்றாக வெந்தது வேண்டுமானால் ‘பெங் பசாடா’ என்று சொல்லுங்கள். பானமும் இனிப்பும் வழக்கமாகத் தனிக் கணக்கு. ‘போர் கிலோ’ என்று பலகை போட்ட கடையை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே தட்டை எடை போட்டுக் காசு வாங்குவார்கள், தளும்ப ஊற்றிய பீன்ஸ் குழம்பும் எடையில் சேரும்.

ஐரோப்பாவில் பல இடங்களில் குடிதண்ணீர்கூட விலைக்குத்தான். மலிவான சீன பஃபேயில் இரண்டு பாட்டில் தண்ணீர் வாங்கினால் மலிவு போன இடம் தெரியாது. பானங்களின் விலையை உட்காரும்முன் பாருங்கள். குழந்தைகளோடு போனால் எந்த வயதுவரை இலவசம், எதுவரை பாதி விலை என்பதையும் முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள், இது கடைக்குக் கடை மாறும். உங்கள் கூட்டத்தில் கொஞ்சமாகச் சாப்பிடுபவர்கள்தான் அதிகம் என்றால் பஃபேயை விட்டுவிட்டு, அதே கடையில் பிடித்த மூன்று ஐட்டங்களைத் தனியாக வாங்கிப் பகிர்ந்துகொள்வது பெரும்பாலும் லாபம்.