வார இறுதியில் மட்டும் கொக்கைன் எடுத்தாலும் நோய் எதிர்ப்புச் சக்தி குறையுமா?

தம்பி சனிக்கிழமை மட்டும்தான் எடுக்கிறான், ஆனால் அடிக்கடி காய்ச்சல், தொண்டைவலி, வாய்ப்புண் என்று எழுதியிருக்கிறீர்கள். குறையும். அதுவும் வாய்ப்புண் என்றதும் எனக்குக் கொஞ்சம் பயம் வருகிறது. நான் டாக்டர் இல்லை, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை.

கொக்கைன் மூக்கின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். உள்தோல் காய்ந்து புண்ணாகி, கிருமி நுழைய வழி கிடைக்கும். புகைத்தால் நுரையீரலில் கிருமிகளை விழுங்கும் செல்கள் மந்தமாகும். இதெல்லாம் உண்மைதான். ஆனால் உங்கள் தம்பி விஷயத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது அதில் கலக்கும் லெவமிசோலை.

அது ஆடு மாடுகளுக்குக் கொடுக்கும் குடற்புழு மருந்து. ஒரு காலத்தில் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் என்று புற்றுநோயாளிகளுக்கே கொடுத்தார்கள்! சிலருக்கு நியூட்ரோஃபில் எனும், கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்கள் அடியோடு சரிந்ததால் அமெரிக்காவில் மனிதர்களுக்குக் கொடுப்பதை 2000 வாக்கில் நிறுத்தினார்கள். 2009இல் அங்கே பிடிபட்ட கொக்கைனில் ஏறக்குறைய 70 விழுக்காட்டில் இது இருந்தது. வெள்ளைத் தூளோடு கலந்தால் கண்ணுக்குத் தெரியாது, எடையும் கூடும். எல்லாருக்கும் அணு குறையாது. யாருக்குக் குறையும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது, எப்போதாவது எடுப்பவர்கள் என்பதால் தப்பிக்கவும் வழியில்லை.

நியூட்ரோஃபில் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்துக்கு 1,500க்குக் கீழே போனாலே குறைவுதான். 500க்குக் கீழே என்றால் சாதாரணத் தொண்டைப்புண்கூட ரத்தத்தில் பரவி உயிருக்கே ஆபத்தாகலாம். லெவமிசோலால் சிலருக்குக் காது மடலில் கருஞ்சிவப்புத் திட்டுகளும் வரும்.

நம் ஊரில் இன்னொரு சிக்கல், டெங்கி. கோலாலம்பூரில் காய்ச்சலோடு போய் வெள்ளணு குறைவு என்று வந்தால் யாருக்கும் முதலில் அதுதான் தோன்றும். டெங்கியில் பெரும்பாலும் ரத்தம் உறைய உதவும் தட்டணுவும் சேர்ந்து இறங்கும், லெவமிசோல் பாதிப்பில் தட்டணு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் தம்பி வாயைத் திறந்து சொல்லாவிட்டால் டாக்டருக்கு எப்படித் தெரியும்?

அடுத்த முறை காய்ச்சல் வந்தால் பனடோல் கொடுத்துப் படுக்கவிடாதீர்கள். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போய், கொக்கைன் எடுத்ததைச் சொல்லி, நியூட்ரோஃபில் எண்ணிக்கையைத் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். நிறுத்தினால் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் அணுக்கள் மீண்டுவிடும். மறுபடி எடுத்தால் மறுபடியும் சரியலாம்.