கரண்ட் (கதிர்வீச்சு) வைக்கும்போதும் முடிந்த பிறகும்: வாய், தொண்டைப் புற்று பற்றி எல்லையோர வாசகர்களின் கேள்விகள்

குமரி, தென்காசிப் பக்கமிருந்தும் இடுக்கி, பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பங்களிலிருந்தும் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே கவலை: வைத்தியம் நடக்கிறது, ஆனால் ஆள் சாப்பிடவில்லை, பேசவில்லை, தூங்கவில்லை. இதற்கெல்லாம் வழி உண்டு. டாக்டரைத் தொந்தரவு செய்யக் கூடாதென்று எதையும் கேட்காமலே திரும்பிவிடும் குடும்பங்களைப் பார்த்தால் மனம் பொறுக்கவில்லை. தயவுசெய்து கேளுங்கள்.

அப்பாவுக்கு நாக்கில் புற்று. திருவனந்தபுரத்தில் கரண்ட் வைக்கிறார்கள். மூன்று வாரம் முடிந்தது. வாயெல்லாம் புண், தண்ணீர் கூட இறங்கவில்லை. பத்து நாள் நிறுத்திவிட்டு அப்புறம் தொடரலாமா? (களியக்காவிளை வாசகி)

நிறுத்த வேண்டாம் அம்மா. வாரத்துக்கு 5 நாள், 6 அல்லது 7 வாரம் என்று கதிர்வீச்சுக்குக் கணக்கு வைத்திருப்பது காரணத்தோடுதான். நடுவில் இடைவெளி விழுந்தால் அதன் பலன் குறையும். புண் இரண்டு மூன்று வாரத்தில் தொடங்கி, கடைசி நாட்களில் கடுமையாகி, சிகிச்சை முடிந்த சில வாரங்களில் ஆறும்.

முதலில் வலியைக் குறைக்க வேண்டும். வலி மாத்திரையோ மரத்துப்போக வைக்கும் மருந்தோ சாப்பாட்டுக்கு முன்னால் கொடுக்கும்படி எழுதித் தரச் சொல்லுங்கள். ஒரு லிட்டர் ஆறிய வெந்நீரில் ஒரு டீஸ்பூன் உப்பும் ஒரு டீஸ்பூன் சமையல் சோடாவும் கலந்து, இரண்டு மூன்று மணிக்கு ஒரு தடவை கொப்பளிக்க வேண்டும். கடையில் விற்கும் ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் வேண்டாம், எரியும். வெள்ளைப் படலம் தெரிந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம், அன்றைக்கே காட்டுங்கள்.

சாப்பாட்டில் எல்லோரும் சறுக்கும் இடம் கஞ்சி. வெறும் கஞ்சித் தண்ணீரில் வயிறு நிறையும், உடம்பு தேறாது. அதே கஞ்சியில் வேகவைத்த பாசிப்பருப்பு, பால், நன்றாக வெந்த முட்டை, முள் எடுத்த மீன், ஒரு ஸ்பூன் நெய் அல்லது தேங்காய் எண்ணெய் சேர்த்து மிக்ஸியில் அடித்து, ஆறியதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். மிளகாய், புளி, எலுமிச்சை வேண்டாம். வாரம் ஒருமுறை எடை பாருங்கள். எடை இறங்கிக்கொண்டே போனால் மூக்கில் டியூப் போடச் சொல்வார்கள். அதைக் கேட்டுப் பயப்படாதீர்கள். பெரும்பாலும் அது தற்காலிகம்தான், உடம்பு சிகிச்சையைத் தாங்க உதவும். டியூப் வழியாகக் கொடுக்கும்போது உட்கார்ந்தோ தலையை நன்றாக உயர்த்தியோ இருக்க வேண்டும், அரை மணி நேரம் கழித்துத்தான் படுக்க வேண்டும். டியூப் இருந்தாலும், டாக்டரோ விழுங்கல் பயிற்சியாளரோ அனுமதித்த அளவுக்கு வாயால் விழுங்கிப் பார்க்கட்டும். நாள்கணக்கில் வேலையில்லாமல் இருந்தால் தொண்டைத் தசைகள் விழுங்கவே மறந்துவிடும்.

அம்மாவுக்கு மார்ஃபின் எழுதியிருக்கிறார்கள். அப்படியென்றால் கடைசிக் கட்டமா? பழகிவிடாதா? (கொழிஞ்சாம்பாறை வாசகர்)

கடைசிக் கட்டத்துக்கென்று தனி மருந்து அல்ல அது. கடும் வலிக்கான மருந்து. சிகிச்சை நடுவிலும் கொடுப்பார்கள், வலி குறைந்தால் படிப்படியாக நிறுத்துவார்கள். டாக்டர் சொன்ன அளவில் வலிக்காகச் சாப்பிடுபவர் போதைக்கு அடிமையாவது அரிது. இந்தப் பயத்தால் மாத்திரையை அலமாரியில் வைத்துவிட்டு இரவு முழுக்கத் துடிக்கும் தாய்மார்களை நினைத்துத்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சாதாரண மார்ஃபின் மாத்திரை 4 மணி நேரத்துக்கு ஒருமுறை. வலி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், நேரத்துக்குக் கொடுங்கள். மலச்சிக்கல் ஏறக்குறைய எல்லோருக்கும் வரும், ஆகவே முதல் நாளே மலமிளக்கியும் வாங்கிவிடுங்கள். முதல் சில நாள் தூக்கக் கலக்கம் இருக்கும். எழுப்பினால் எழவில்லை, மூச்சு மிக மெதுவாகிறது என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மெதுவாக வேலை செய்யும் வகை மாத்திரையைப் பொடித்து டியூபில் விடவே கூடாது.

உங்கள் பக்கம் இதற்கு வழி இருக்கிறது. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரண இயக்கம் வளர்ந்து, 2008இல் கேரள அரசே அதற்கென்று கொள்கை கொண்டுவந்தது. பஞ்சாயத்தின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாலியேட்டிவ் (வலி நிவாரணப் பராமரிப்பு) நர்ஸ் யார் என்று கேளுங்கள். வீட்டுக்கே வருவார்.

மாமியாருக்குக் கன்னத்தில் ஆபரேஷன் ஆகிவிட்டது. புகையிலையை விட்டுவிட்டார். வெறும் வெற்றிலை பாக்காவது போடுகிறேன் என்கிறார். வாயும் இரண்டு விரல் அளவுதான் திறக்கிறது. (மறையூர் வாசகி)

பாக்கு வேண்டவே வேண்டாம். புகையிலை இல்லாமலும் பாக்கு புற்றுநோயை உண்டாக்கும், வாயையும் இறுக்கும். வாய் திறக்க ஐஸ்கிரீம் மரக் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கு நடுவில் வைத்து, தாங்கும் அளவுக்குப் பிடித்து, நாட்கள் போகப் போக ஒவ்வொன்றாகக் கூட்டுவது ஒரு நல்ல பயிற்சி. ஆபரேஷன் செய்தவரிடம் கேட்டுத் தொடங்குங்கள், தினமும் பல தடவை செய்யட்டும்.

லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) வெற்றிலை போடும் மற்றவர்களின் வாயையும் பார்க்கச் சொல்லுங்கள். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைப் பார்த்தார்கள். புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்று மரணம் குறைந்தது.

கரண்ட் முடிந்து இரண்டு வருஷம். கடைவாய்ப் பல் வலிக்கிறது. இங்கேயே பிடுங்கிவிடலாமா? (செங்கோட்டை வாசகர்)

கூடாது ஐயா. கதிர்வீச்சு பட்ட தாடை எலும்பு சரியாக ஆறாது, செத்துப்போகவும் கூடும். எத்தனை வருஷம் ஆனாலும் இந்த ஆபத்து உண்டு. சிகிச்சை கொடுத்த இடத்தில் கேட்டுவிட்டுத்தான் பல்லில் கை வைக்க வேண்டும். கூடவே 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை தைராய்டு பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். கழுத்தில் கரண்ட் பட்டவர்களுக்குத் தைராய்டு சுரப்பு குறைந்து, காரணம் தெரியாத சோர்வு வரலாம்.

குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்து ஓட்டை வழியாகத்தான் மூச்சு. கணவர் யாரையும் பார்க்க வர மறுக்கிறார். (குமுளி வாசகி)

பேச்சு திரும்ப மூன்று வழிகள் உண்டு: தொண்டையில் பொருத்தும் சிறு வால்வு, கழுத்தில் வைத்துப் பேசும் மின்கருவி, உணவுக்குழாய் வழியே காற்றை ஏப்பம்போல் விட்டுப் பேசும் பயிற்சி. எது பொருந்தும் என்று பேச்சுப் பயிற்சியாளர் சொல்வார். அதுவரை கையில் ஒரு சிலேட்டு இருக்கட்டும். வீட்டில் யாரும் அவருக்காக முந்திக்கொண்டு பேசாதீர்கள். சாப்பாட்டை அவருக்குப் பிடித்த ஒருவரோடு மட்டும் தொடங்குங்கள். தூக்கமில்லை, வாழ்ந்து என்ன பயன் என்று எழுதிக் காட்டினால் தனியே விடாதீர்கள், அன்றைக்கே மனநல மருத்துவரைப் பாருங்கள். இந்த நோயில் மனச்சோர்வு அதிகம், அதற்கும் மருந்து இருக்கிறது.

ஏலத்தோட்டத்தில் மருந்து அடிக்கும் பக்கம் அவர் போகக் கூடாது. ஓட்டையை மெல்லிய துணியால் மூடியிருக்க வேண்டும், குளிக்கும்போது தண்ணீர் இறங்கக் கூடாது. ‘கழுத்து வழியாக மட்டுமே மூச்சு’ என்று ஓர் அட்டையில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருக்கட்டும். அவசரத்தில் ஆக்ஸிஜனை மூக்கில் வைத்தால் பயனில்லை.

தமிழ்நாட்டுப் பக்கம் வீடு, வைத்தியம் கேரளத்தில். வீட்டில் பார்க்க யார் வருவார்கள்? (புளியரை வாசகர்)

உங்கள் பக்கத்தில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிலேயே வலி நிவாரணப் பராமரிப்பும் பிசியோதெரபியும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டின் நகல் ஒன்றை அங்கே கொடுத்துவையுங்கள்; மருந்துப் பெயர்கள் ஆங்கிலத்தில் தெளிவாக இருக்கிறதா என்று ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள். ரயிலில் புற்றுநோயாளிக்கும் உடன் போகும் ஒருவருக்கும் கட்டணச் சலுகை இருக்கிறது, ஆஸ்பத்திரிச் சான்றிதழ் வேண்டும்.