வின்ஸ்டே எஸ்டேட்டின் பழைய குத்தகைதாரரைத் தேடுவது எப்படி?

வடகிழக்கு வேல்ஸில் வின்ஸ்டே மாளிகை 1858-ல் எரிந்துபோனதே, அதன் உரிமையாளரான வில்லியம்ஸ்-வின் குடும்பத்தின் குத்தகைதாரர் பெயர்கள் இனிக் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கிடைக்கும். தீயில் நூலகம் போனது உண்மைதான்; ஆனால் எஸ்டேட் ஆவணங்களின் பெருந்தொகுதி அபெரிஸ்ட்வித்தில், வேல்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது.

ஆள் பெயரை விடுங்கள், பண்ணைப் பெயரைப் பிடியுங்கள். தந்தை பெயரே பின்பெயரான நாடு அது. ஒரே ஊரில் நாலு ஜான் ஜோன்ஸ் இருப்பார்கள். 1840-களை ஒட்டிய தசமபாக வரைபடத்தில் (தேவாலயத்துக்குரிய பத்தில் ஒரு பங்கு வரிக்காக நிலங்களைக் குறித்தது) பண்ணையைக் கண்டுபிடித்து, அங்கிருந்து வாடகைப் பேரேடுகளில் பின்னோக்கிப் போங்கள். 'மூன்று ஆயுள்' குத்தகைச் சீட்டு, அதாவது பெயர் குறித்த மூவரில் கடைசி ஆள் இருக்கும்வரை செல்லும் குத்தகை, சிக்கினால் அதிர்ஷ்டம்: பெரும்பாலும் கணவன், மனைவி, மகன் மூவரும் ஒரே தாளில்.

பலர் சறுக்குவது தேதியில். 1752-க்கு முன்பு அங்கே புத்தாண்டு மார்ச் 25-ல்தான் பிறந்தது. '1720 பிப்ரவரி' என்றிருந்தால் நம் கணக்கில் 1721.