பங்குனி சித்திரையில முதியோர் இல்லத் தோட்டத்துல என்ன செய்ய வைக்கலாம்?

கேள்வி: கோயம்புத்தூர் பக்கத்துல 28 பேர் தங்கியிருக்குற முதியோர் இல்லம் நடத்துறேன். பின்னாடி அஞ்சு சென்ட் இடமும் ஒரு பெரிய வேப்பமரமும் இருக்கு. நாலு பேர் வீல்சேர், ஏழு பேருக்கு மறதிநோய். நெட்ல ஸ்பிரிங் ஆக்டிவிட்டின்னு பார்த்து போன பங்குனில தக்காளி நாத்து வெச்சோம், எல்லாம் காஞ்சுபோச்சு, பெரியவங்களுக்கு மனசு விட்டுப்போச்சு. இப்ப கூப்பிட்டாலும் யாரும் வரமாட்டேங்குறாங்க. யாராவது விழுந்துட்டா பசங்களுக்கு என்ன பதில் சொல்றதுன்னும் பயமா இருக்கு.

பதில்: மேடம், தக்காளி காஞ்சதுக்கு உங்க மேலயும் தப்பில்ல, பெரியவங்க மேலயும் தப்பில்ல. நீங்க பார்த்த வீடியோ எல்லாம் பனி முடிஞ்சு மண்ணு இப்பதான் சூடாகுற ஊர்ல எடுத்தது, அங்க மார்ச் ஏப்ரல்ல விதைக்கிறதுதான் சரி. நமக்கு அந்த நேரத்துல வெயில் ஏறிக்கிட்டே போகுது, தக்காளிப் பூ சூடு தாங்காம கொட்டிடும். நம்ம பங்குனி சித்திரை வேற மாதிரி மாசம், நாம விதைக்கிறதை விட மரமே கொட்டிக் கொடுக்குற மாசம். வேப்பம்பூ, மாவடு, புளி, மல்லிப்பூ எல்லாம் இப்பதான் வருது, உங்க இல்லத்துல இருக்குற முக்காவாசிப் பேரோட கைக்கு இந்த வேலை எல்லாம் அத்துப்படி. அதனால இந்த ரெண்டு மாசத்துக்கு "செடி வளர்ப்போம் வாங்க"ன்னு கூப்பிடாதீங்க, அவங்களுக்குத் தெரிஞ்ச வேலையைக் கையில கொடுங்க.

வேப்பமரம் இருக்குன்னு சொன்னீங்களே, அதுல இருந்தே ஆரம்பிங்க. பூக்குற நேரத்துல ராத்திரி மரத்தடியில ரெண்டு பழைய வேட்டி விரிச்சு நாலு மூலையிலயும் கல்லு வெச்சிடுங்க, காலைல பூ கொட்டிக் கிடக்கும், அதை முறத்துல அள்ளி மடியில வெச்சுக் கொடுத்தா வீல்சேர்ல இருக்குறவங்களும் காம்பு, சருகு பொறுக்குவாங்க. காய வெச்சு டப்பால போட்டா சித்திரை ஒண்ணாந்தேதி பச்சடிக்கு ஆச்சு, மிச்சம் வருஷம் முழுக்க ரசத்துக்கு ஆச்சு. பச்சடில வெல்லம் இருக்குறதால சுகர் இருக்குறவங்களுக்கு ஒரு ஸ்பூனோட நிறுத்திக்கோங்க, ஆனா ஒரு ஸ்பூனாவது கொடுங்க, அவங்க பொறுக்கின பூ அது.

புளியும் அதே மாதிரிதான். ஓட்டோட நாலஞ்சு கிலோ வாங்கி, ஓட்டை உடைக்கிறதையும் கத்தி, அரிவாள்மனை வேலையையும் ஸ்டாஃப் செய்யட்டும், நார் உரிச்சு கொட்டை எடுக்குற வேலை பெரியவங்களுக்கு. நாலு பேர் சுத்தி உக்காந்தாங்கன்னா கதை தானா வரும், நீங்க எதுவும் பேசத் தூண்ட வேண்டாம். மறதிநோய் இருக்குறவங்க நேத்து நடந்ததை மறந்துடுவாங்க, ஆனா சின்ன வயசுல இருந்து பழகின கை வேலை ரொம்ப நாள் வரைக்கும் அவங்க கிட்ட தங்கியிருக்கும், பேர் சொல்லத் தடுமாறுறவங்க கூட வாழைநார்ல பூ கட்டுறப்ப விரல் தடுமாறாம கட்டுறதை நிறைய பார்த்திருக்கேன்.

பூ விஷயத்துல மட்டும் ஒண்ணு. மல்லி சீசன் இப்பதான், மொட்டு வாங்கியோ பறிச்சோ கட்டக் கொடுக்குறப்ப, கணவர் தவறின அம்மாக்களை ஸ்டாஃப் சத்தமில்லாம ஒதுக்கிடுறாங்க, இல்லன்னா கேக்காமலே தலையில வெச்சு விட்டு சங்கடப்படுத்துறாங்க. ரெண்டும் வேண்டாம். தனியா ஒரு தடவை கேளுங்க, "கட்டுறீங்களாம்மா, வெச்சுக்குறீங்களா, சாமிக்கு மட்டும் போடுறீங்களா"ன்னு, அவங்க சொல்றதுதான் முடிவு. இதை நான் ரொம்ப முக்கியமா நினைக்கிறேன்.

ஐயாக்கள் பொதுவா ஆக்டிவிட்டின்னு சொன்னாலே நகர மாட்டாங்க, விளையாட்டுன்னு நினைச்சுக்குவாங்க. அவங்களுக்குப் பொறுப்பா ஒண்ணு கொடுங்க, மோட்டார் எப்ப போடணும், எந்தப் பாத்திக்கு எத்தனை குடம், எந்தக் கீரை என்னிக்கு விதைச்சதுன்னு ஒரு நோட்டு போட்டுக் கொடுத்துடுங்க, பறவைக்குத் தண்ணி வைக்கிற மண் சட்டி கூட ஒருத்தர் பேர்ல இருக்கட்டும். 1976ல அமெரிக்காவுல கனெக்டிகட்ல ஒரு முதியோர் இல்லத்துல எலன் லாங்கர், ஜூடித் ராடின்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் இதைச் சோதிச்சுப் பார்த்தாங்க. ஒரு மாடில இருந்தவங்களுக்கு ஆளுக்கொரு செடி கொடுத்து நீங்கதான் பார்த்துக்கணும், உங்க அன்றாட விஷயங்களையும் நீங்களே முடிவு பண்ணுங்கன்னு சொன்னாங்க, இன்னொரு மாடில செடியைக் கொடுத்துட்டு நர்ஸ் தண்ணி ஊத்துவாங்கன்னு சொல்லிட்டாங்க. பொறுப்பு கையில இருந்தவங்க இன்னும் சுறுசுறுப்பா, சந்தோஷமா இருந்தாங்க. செடி ரெண்டு பக்கமும் இருந்துச்சு, முடிவெடுக்குற உரிமை ஒரு பக்கம்தான் இருந்துச்சு. அதனால உங்க தோட்டக்காரர் கிட்ட கண்டிப்பா சொல்லி வைங்க, பெரியவங்க கோணலா விதைச்சதை அவங்க உள்ள போனதும் நேராக்குற பழக்கம் கூடவே கூடாது, மறுநாள் வந்து பார்த்தா அவங்களுக்குத் தெரிஞ்சிடும், அப்புறம் வரமாட்டாங்க.

ஏதாவது விதைச்சே ஆகணும்னா கீரையோட நிறுத்திக்கோங்க. சிறுகீரை, தண்டுக்கீரை மூணு நாலு வாரத்துல கைக்கு வந்துடும், வயசானவங்களுக்கு மூணு மாசம் காத்திருக்குறதை விட இது நல்லது. விதை பொடிசா இருக்குறதால மணலோட கலந்து தூவச் சொல்லுங்க, நிழல்வலைக்குக் கீழ வைங்க. ஆயுறது, அலசுறது, சமையல்கட்டுக்குக் கொடுத்து அனுப்புறதுன்னு ஒரே கீரையில நாலு பேருக்கு வேலை கிடைச்சிடும். மணத்துக்குன்னு துளசி, கற்பூரவல்லி, மரிக்கொழுந்து கை எட்டுற உயரத்துல வைங்க, கண்ணு மங்கினவங்க இலையைக் கசக்கி மோந்து பார்த்துக்குவாங்க. வீல்சேருக்குத் தரையில பாத்தி உதவாது, அடியில முட்டி உள்ள போற மாதிரி சுமார் 70 செ.மீ. இடம் விட்டு மேஜை மாதிரி ஒரு தொட்டி அடிச்சுக்கோங்க. பூவாளியும் கனம், ஒரு லிட்டர் பாட்டில் மூடில ஓட்டை போட்டுக் கொடுத்தாலே போதும்.

முக்கியமா அரளி இருந்தா எடுத்துடுங்க. சாமிக்குப் பறிக்கணும்னு நிறைய இல்லத்துல வெச்சிருக்காங்க, ஆனா செவ்வரளி, மஞ்சள் அரளி ரெண்டுமே இதயத்தைப் பாதிக்கிற விஷம், மறதிநோய் இருக்குறவங்க கையில கிடைச்சதை வாயில போட்டுடுவாங்க. ஊமத்தை, குண்டுமணி, தொட்டில அழகுக்கு வைக்கிற டைஃபன்பேக்கியாவும் வேண்டாம். அந்த இடத்துல செம்பருத்தி வைங்க.

வெயிலுக்கு வருவோம். காலைல எட்டரைக்குள்ள, சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல, நடுவுல எல்லாம் வராண்டா வேலைதான். வயசாக ஆக தாகம் சரியாத் தெரியாது, கேட்டா "வேண்டாம்"பாங்க, அதனால கேக்காம கையில கொடுத்துடுங்க, தண்ணியோ உப்பு கம்மியான மோரோ, ஆனா இதயம், கிட்னி பிரச்சனைக்காகத் தண்ணி அளவு வெச்சிருக்குறவங்களுக்கு டாக்டர் சொன்ன அளவுதான். நீர் பிரியுற மாத்திரை, சில மனநல மாத்திரை சாப்பிடுறவங்களுக்குச் சூடு சீக்கிரம் தாக்கும், அந்த லிஸ்ட்டை உங்க நர்ஸ் கிட்ட முன்னாடியே வாங்கிடுங்க. தலைசுத்தல், குழப்பமான பேச்சு, ஒடம்பு அனலா கொதிக்கிறதுன்னு எது வந்தாலும் நிழலுக்குக் கொண்டு வந்து ஈரத்துணியால துடைச்சுக்கிட்டே ஆஸ்பத்திரிக்குச் சொல்லிடணும். சுகர்ல கால் மரத்துப்போனவங்களை சித்திரை வெயில்ல சிமெண்ட் தரையில வெறும் காலோட விடவே கூடாது, சுடுறதே தெரியாம பாதம் கொப்பளிச்சு அது ஆறாத புண்ணாயிடும். பின்பக்க வார் வெச்ச செருப்பு எல்லாருக்கும் கட்டாயம்.

இப்ப விழுற பயம். பயம் நியாயம்தான், ஆனா அதுக்காக வருஷம் முழுக்க கட்டில்லயே உக்கார வெச்சா கால் பலம் குறைஞ்சு ரூம்லயே விழுவாங்க. பாதை நாலடி அகலம், ஜல்லி போடாதீங்க, ஒரு பக்கம் கைப்பிடி, இருபது இருபத்தஞ்சு அடிக்கு ஒரு பெஞ்ச், பெஞ்சுக்குக் கை வெச்சு எழுந்திரிக்கிற பிடி இருக்கணும். பாதை வட்டமா சுத்தி புறப்பட்ட கதவுக்கே வரட்டும், முட்டுச்சந்துல போய் நின்னா மறதிநோய் இருக்குறவங்க பதறிடுவாங்க. கோடை மழை பெஞ்ச அன்னிக்குத் தரை காயுற வரைக்கும் யாரும் வெளிய வேண்டாம். ஹோஸ் பைப்பை வேலை முடிஞ்சதும் சுத்தி வைக்கணும், இது ஒரு ஆளோட பொறுப்புன்னு எழுதியே வைங்க.

பசங்க கிட்ட விழுந்த பிறகு பதில் சொல்றதை விட இப்பவே பேசிடுங்க. அம்மா காலைல அரை மணி நேரம் தோட்டத்துல இருப்பாங்க, கூட ஸ்டாஃப் இருக்காங்க, இந்த இந்த ஏற்பாடு பண்ணியிருக்கோம், இருந்தாலும் விழவே மாட்டாங்கன்னு நாங்க வாக்கு கொடுக்க முடியாதுன்னு நேரா சொல்லி எழுத்துலயும் வாங்கிக்கோங்க. அப்படிச் சொல்றப்பவே "உங்க அப்பா அம்மா வீட்டுல என்ன வளர்த்தாங்க, என்ன வேலை செஞ்சாங்க"ன்னு கேட்டு எழுதிக்கோங்க, அந்தப் பேப்பரைப் பார்த்துத்தான் யாருக்கு முறம், யாருக்கு நோட்டு, யாருக்குப் பாட்டில்னு பிரிக்கணும். தக்காளியை ஆடிப் பட்டத்துல திரும்ப வெச்சுக்கலாம், நாத்து எப்ப விடணும்னு அந்த நோட்டு வெச்சிருக்குற ஐயாவையே கேளுங்க.