பழைய கார் ரேஸ் கேம்கள்: ஒரிஜினலா, நகலா, என்ன விலைக்குப் போகும்?

பிளேஸ்டேஷன் 1, சூப்பர் ஃபாமிகாம் (சூப்பர் நிண்டெண்டோவின் ஜப்பான் பதிப்பு), நிண்டெண்டோ 64 ரேஸ் கேம்களைச் சேர்ப்பவர்களும் விற்க நினைப்பவர்களும் கோலாலம்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் கேட்ட கேள்விகளுக்குப் பதில்கள்.

செந்தூல்: அண்ணே, வீட்டு ஸ்டோரில் கிரான் டுரிஸ்மோ சிடி கிடைத்தது. கடைக்காரர் தன் மெஷினில் போட்டார், நன்றாக ஓடியது. அப்போ ஒரிஜினல்தானே?

ஓடியதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது தம்பி. நம்மூரில் நகல் சிடியும் ஓடுவதற்காகச் சிப் போட்ட பிளேஸ்டேஷன்கள் எக்கச்சக்கம். அந்த மெஷினுக்கு ஒரிஜினலும் ஒன்றுதான், நகலும் ஒன்றுதான். ஒரிஜினல் சிடியில் உள்வட்டத்தின் தடத்திலேயே நாட்டுக் குறியீடு பதிந்திருக்கும். சாதாரண சிடி ரைட்டரால் அதை எழுத முடியாது. அதனால் சிப் போடாத மெஷினில், அதே நாட்டுப் பதிப்பாக இருந்து, ஓடினால்தான் அது சாட்சி.

மெஷின் கைவசம் இல்லையென்றால் கண்ணால் பார்க்க வேண்டியவை சில உண்டு. ஒரிஜினலின் அடிப்பக்கம் கறுப்பு. ஆனால் கறுப்பு நிறத்தில் காலி சிடிகளும் விற்றார்கள், எனவே நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். நடுத்துளையைச் சுற்றிய வளையத்தை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்: தயாரிப்பு எண்ணும் ஐஎஃப்பிஐ (உலக இசைப்பதிவுத் துறை அமைப்பின் சுருக்கப் பெயர்) என்ற பொடி எழுத்தும் தெரிய வேண்டும். பிறகு எண் பொருத்தம். ஜப்பான் பதிப்பு என்றால் எஸ்சிபிஎஸ் 10045 என்ற எண் சிடியிலும் அட்டையின் முதுகிலும் ஒன்றாக இருக்க வேண்டும். அமெரிக்க அட்டைக்குள் ஜப்பான் சிடியைச் செருகி விற்பதும் நடக்கிறது.

ஒரிஜினலாகவே இருந்தாலும் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். உலகம் முழுக்க 1 கோடியே 8 லட்சத்துக்கு மேல் விற்ற கேம் அது. பிளேஸ்டேஷன் 1-இல் அதைவிட அதிகம் விற்றது வேறு இல்லை. அரிதானது சிடி அல்ல, அதோடு வந்த தாள்கள். கையேடு, பெட்டியின் முதுகைச் சுற்றி வரும் ஜப்பானியத் தாள் பட்டை, பதிவு அஞ்சலட்டை இவை எல்லாம் இருந்தால்தான் சேகரிப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பட்டையை அன்று பிரித்ததும் குப்பையில் போட்டவர்களே அதிகம்.

ஜார்ஜ்டவுன்: விலையை எப்படிக் கணக்குப் போடுவது? ஒரே கேமுக்கு ஆன்லைனில் ஒருவர் 60 வெள்ளி (ரிங்கிட்), இன்னொருவர் 300 வெள்ளி என்கிறார்.

இரண்டுமே கேட்கும் விலை. விற்ற விலையைப் பாருங்கள். ஈபேயில் விற்றுமுடிந்தவை என்று வடிகட்டலாம், ஜப்பான் யாஹூ ஏலத்தில் முடிந்த ஏலங்களைத் தேடலாம். குறைந்தது பத்து விற்பனைகளை எடுத்து, மேலே கீழே உள்ள ஓரிரண்டைத் தள்ளிவிட்டு நடுவில் நிற்பதைப் பிடியுங்கள். சிடி அல்லது கார்ட்ரிட்ஜ் மட்டும், முழு செட், பிரிக்காதது என மூன்றுக்கும் தனித்தனி விலை. தனிக் கார்ட்ரிட்ஜை வைத்துக்கொண்டு முழு செட் விலை கேட்பதுதான் இங்கே அடிக்கடி பார்க்கும் கூத்து.

அடுத்து, அதே சாமானை ஜப்பானிலிருந்து நீங்களே இறக்கினால் என்ன ஆகும் என்று பாருங்கள். உதாரணத்துக்கு, விலை 60 வெள்ளி, தபால் 40. வெளிநாட்டிலிருந்து ஆன்லைனில் வாங்கும் 500 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கு 2024 ஜனவரி முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு, அது 6 வெள்ளி. ஆக 106. உள்ளூர்க்காரர் 100 கேட்டால் நியாயம், கையில் பிடித்துப் பார்த்து வாங்குகிறீர்கள். 180 கேட்டால் நன்றி சொல்லிவிட்டு நகருங்கள்.

பிரிக்பீல்ட்ஸ்: சூப்பர் ஃபாமிகாமின் சூப்பர் மேரியோ கார்ட் கார்ட்ரிட்ஜ் ஓடுகிறது, ஆனால் மெஷினை அணைத்தால் ரெக்கார்ட் நேரமெல்லாம் அழிந்துவிடுகிறது. போலியா அண்ணே?

போலியாகவும் இருக்கலாம், பதிவைக் காக்கும் உள் பேட்டரி தீர்ந்தும் இருக்கலாம். திறந்தால் இரண்டும் தெரிந்துவிடும். 3.8 மில்லிமீட்டர் கேம்பிட் முனை (இந்தக் கார்ட்ரிட்ஜ் திருகுக்கான தனித் திருப்புளி முனை) வேண்டும், சாதாரண திருப்புளி ஏறாது. உள்ளே பலகையில் நிண்டெண்டோ பெயரும் எஸ்எச்விசி என்று தொடங்கும் எண்ணும் அச்சாகியிருக்கும். 1992-இல் வந்த இந்தக் கேமுக்கு டிஎஸ்பி 1 என்று ஒரு கணக்குச் சிப் தனியாகவே உண்டு, பாதை வளைந்து சுழலும் கணக்கைப் போடுவது அதுதான். பலகையில் கறுப்புப் பிசின் குமிழ் இருந்தால் போலி.

பேட்டரி சிஆர் 2032. மீட்டரில் 2.5 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் மாற்றிவிடுங்கள். புதிதாக வாங்கும்போது இரு பக்கமும் உலோக நாக்கு வெல்ட் செய்ததாக வாங்குங்கள். புடு பக்கம் ஜாலான் பசார் எலக்ட்ரானிக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். பேட்டரியின் மேலேயே நேராக ஈயம் வைக்கவே கூடாது, சூட்டில் வெடிக்கும். பழையதைக் கழற்றும்முன் எந்தப் பக்கம் பிளஸ் என்று போட்டோ எடுங்கள். சூட்டுக்கோல் 350 டிகிரி, ஒரு முனைக்கு மூன்று விநாடிக்கு மேல் வேண்டாம், பிடித்துக்கொண்டே இருந்தால் பலகையின் செப்புத் தடம் உரிந்து வரும். பழைய பதிவுகள் போய்விடும், அதைத் தவிர்ப்பது கடினம். முடித்ததும் ஒரு நேரம் பதிவு செய்து, கார்ட்ரிட்ஜைக் கழற்றி அரை மணி நேரம் வெளியே வைத்து மறுபடி போட்டுப் பாருங்கள்.

பேட்டரி மாற்றியதால் மதிப்பு குறையாது. விற்கும்போது சொல்லிவிடுங்கள், அவ்வளவுதான். ஸ்டிக்கரைக் கிழித்தால்தான் குறையும்.

பாயான் லெப்பாஸ்: லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் பிளேஸ்டேஷன் 1 ரிட்ஜ் ரேசர் பார்த்தேன். கோடு விழுந்த சிடி. கடைக்காரர் போட்டுக் காட்டினால் போதுமா?

ரிட்ஜ் ரேசர் விஷயத்தில் போதாது. அந்தக் கேம் தொடக்கத்திலேயே முழுசாக மெமரிக்குள் ஏறிவிடும். பிறகு சிடியை எடுத்துவிட்டு உங்கள் பாட்டு சிடியைப் போட்டே ஓட்டலாம். ஆக, ரேஸ் ஓடுவது சிடியின் உள்பகுதி நன்றாக இருக்கிறது என்பதற்கு மட்டுமே அத்தாட்சி. இசையெல்லாம் அதற்கு வெளியே, ஆடியோ தடங்களாக இருக்கிறது. ஒவ்வொரு பாட்டாகத் தேர்ந்தெடுத்து ஓட விடுங்கள், திக்கினால் விலையைக் குறையுங்கள்.

கோடு அடிப்பக்கமென்றால் பாலிஷ் போடலாம், அங்கே 1 மில்லிமீட்டருக்கு மேல் பிளாஸ்டிக் இருக்கிறது. படம் அச்சிட்ட பக்கம் ஆழக் கீறியிருந்தால் எடுக்காதீர்கள். தகவல் படலம் அந்த அச்சுக்கு நேர் கீழேதான் இருக்கிறது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஊசித் துளை தெரிகிறதா என்றும் பாருங்கள்.

கெப்போங்: கிரான் டுரிஸ்மோ 2 அமெரிக்கப் பதிப்பு, கேமை முடித்த அளவு 98.2 விழுக்காட்டோடு நின்றுவிட்டது.

உங்கள் சிடியில் கோளாறு இல்லை. அமெரிக்காவில் முதலில் வந்த பதிப்பின் பிழை அது, 100-ஐத் தொடவே முடியாது. வாங்கும்போது ஆர்கேட், சிமுலேஷன் என்ற இரண்டு சிடியும் இருக்கிறதா என்று திறந்து பாருங்கள். ஒன்றை மட்டும் வைத்து ‘முழு செட்’ என்பார்கள்.

ஆயர் ஈத்தாம்: கையேட்டிலும் சிடியிலும் பூஞ்சை. என்ன செய்ய?

சிடியை வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டு பாத்திர சோப்போடு கழுவி, நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்க்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் தடத்தின் போக்கிலேயே கீறல் விழும், மெஷினால் அதைச் சமாளிக்க முடியாது. கையேட்டில் தண்ணீர் படவே கூடாது. நன்றாகக் காயவிட்டு, வீட்டுக்கு வெளியே மென்மையான பிரஷால் தட்டிவிடுங்கள், முகக்கவசம் போட்டுக்கொண்டு. மஞ்சள் கறை போகாது. மற்றவற்றோடு சேர்க்கும்முன் சில வாரம் தனியே வைத்துக் கவனியுங்கள். கேமராக்காரர்கள் வைத்திருக்கும் உலர் பெட்டியில் ஈரப்பதம் 45 விழுக்காடு அளவில் வைத்தால் போதும். சிலிக்கா ஜெல் என்றால் நிறம் மாறியதும் மாற்ற வேண்டும், நம்மூர் மழைக்காலத்தில் அது சீக்கிரமே மாறும்.

செராஸ்: ஜப்பான் சூப்பர் ஃபாமிகாம் வாங்கியிருக்கிறேன், பிளக் மாற்றும் அடாப்டர் போதுமா?

போதாது, கருகிவிடும். அதன் பவர் அடாப்டர் 100 வோல்ட்டுக்கானது, இங்கே சுவரில் 240. வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வையுங்கள். இல்லையென்றால் 10 வோல்ட் டிசி, 850 மில்லி ஆம்பியர், நடு ஊசி மைனஸ் என்ற அளவில் உள்ளூர் அடாப்டர் தேடுங்கள். நடு பிளஸ் உள்ளதைச் செருகிவிடாதீர்கள்.

பட்டர்வொர்த்: நிண்டெண்டோ 64-இன் மேரியோ கார்ட் 64-க்கும் பேட்டரி மாற்ற வேண்டுமா?

வேண்டாம், அதில் பேட்டரியே இல்லை. அதே மெஷினின் எஃப் ஸீரோ எக்ஸ் என்ற ரேஸ் கேமில் உண்டு. மேரியோ கார்ட் 64-இன் கோஸ்ட் ஓட்டங்கள் (நிழல் காராக மறுபடி ஓடும் உங்கள் பழைய ஓட்டங்கள்) கன்ட்ரோலரில் செருகும் மெமரி அட்டையான கன்ட்ரோலர் பேக்கில் பதியும், மொத்தம் 123 பக்கத்தில் 121 பக்கத்தை அதுவே பிடித்துக்கொள்ளும். அந்தப் பேக்குக்குள் ஒரு சிஆர் 2032 இருக்கிறது, மாற்ற வேண்டியது அதைத்தான்.