இஞ்ச் டேப்போடு போங்கள்

அன்புள்ள ஐயா,

இந்தக் குளிர்காலத்தில் முதல்முறையாக ஒரு பெரிய பைக் கண்காட்சிக்குப் போகிறேன். ஒரே நாள்தான். எட்டு வருடமாக ஒரே வண்டியை ஓட்டுகிறேன், வரும் வசந்தத்தில் மாற்ற எண்ணம். ஐந்து வண்டிகள் மனதில் இருக்கின்றன. போய்வந்த நண்பர்கள், கூட்டத்தில் இடிபட்டு, படம் எடுத்து, ஒரு பை நிறைய விளம்பரத் தாள்களோடு திரும்பினோம் என்கிறார்கள். ஓட்டிப் பார்க்க முடியாத இடத்தில், நிற்கிற வண்டிமேல் ஏறி உட்கார்ந்தால் என்ன தெரிந்துவிடும்? ஹெல்மெட்டும் ஜாக்கெட்டும்கூட வாங்க வேண்டும், அங்கேயே வாங்கலாமா? போக 120 கிலோமீட்டர். வண்டியில் போவதா, ரயிலில் போவதா என்றும் குழப்பம். என் உயரம் 168 செ.மீ., கொஞ்சம் குட்டைக் கால்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

இன்ஜின் எப்படி இழுக்கும், பிரேக் எப்படிப் பிடிக்கும், நூறு கிலோமீட்டர் வேகத்தில் காற்று நெஞ்சில் அடிக்குமா ஹெல்மெட்டில் அடிக்குமா, கோடையில் தொடைக்கு எவ்வளவு சூடு வரும் என்பதெல்லாம் உட்கார்ந்து பார்ப்பதால் தெரியாது. அந்த வண்டி உங்கள் உடம்புக்குப் பொருந்துகிறதா என்பது மட்டும்தான் தெரியும். ஆனால் அதை இவ்வளவு நன்றாகத் தெரிந்துகொள்ள வேறு இடம் கிடையாது. ஷோரூமில் பெரும்பாலும் ஓரிரு கம்பெனி வண்டிகள்தான் இருக்கும். அடுத்த ஷோரூமுக்குப் போய்ச் சேருவதற்குள் முதல் வண்டியின் சீட் எப்படி இருந்தது என்பதை உடம்பு மறந்துவிடும். கண்காட்சியில் உங்கள் ஐந்து வண்டிகளிலும் ஒரே காலையில் ஏறி இறங்கிவிடலாம். விலை, குதிரைத்திறன், வண்ணம் எல்லாவற்றையும் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். அந்தப் பகலை உடம்புக்குக் கொடுங்கள்.

அதற்கான வேலை போவதற்கு முந்தைய நாளே தொடங்குகிறது. எட்டு வருடம் ஓட்டிய வண்டிதான் உங்கள் அளவுகோல். ஒரு இஞ்ச் டேப் எடுத்து அதில் மூன்று அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: நீங்கள் உட்காரும் இடத்தில் சீட்டின் மிகப் பள்ளமான புள்ளியிலிருந்து ஃபுட்பெக்கின் (ஓட்டும்போது பாதம் வைக்கும் கட்டை) மேல்பக்க நடு வரை, அதே புள்ளியிலிருந்து ஹேண்டில் பிடியின் நடு வரை, பிடியின் நடுவிலிருந்து ஃபுட்பெக் வரை. இந்த முக்கோணம்தான் முழங்கால் எவ்வளவு மடங்குகிறது, முதுகு எவ்வளவு சாய்கிறது என்பதைத் தீர்மானிக்கிறது. பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள்: இரண்டு மணி நேரம் ஓட்டினால் எங்கே வலிக்கிறது? முழங்கால் என்றால், சீட்டுக்கும் ஃபுட்பெக்குக்கும் இடையே இப்போது இருப்பதைவிட இரண்டு மூன்று செ.மீ. கூடுதலாக உள்ள வண்டியைத் தேட வேண்டும். மணிக்கட்டு என்றால் பிடி இன்னும் உயரமாகவோ உங்கள் பக்கமாகவோ வர வேண்டும். அடுத்து உங்கள் கால் அளவு. பூட்ஸ் போட்டுக்கொண்டு சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைத் தொடைகளுக்கு இடையே மேலே அழுத்தி, அதன் மேல்விளிம்பிலிருந்து தரை வரை அளந்தால் போதும்.

கண்காட்சிக்கும் அதே பூட்ஸில், ஓட்டும்போது போடும் அதே பேன்ட்டில் போங்கள். இதைத்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். ஓட்டப்பயிற்சி ஷூவுக்கும் பைக் பூட்ஸுக்கும் அடித்தட்டில் மட்டுமே இரண்டு செ.மீ. வித்தியாசம் வரலாம். கியர் லீவருக்கு அடியில் மெல்லிய ஷூ சுலபமாக நுழையும், பருத்த பூட்ஸ் நுழையாது.

சீட் உயரத்தில்தான் ஏமாற்றம் அதிகம், உங்களுக்கு அது முக்கியமும்கூட. பட்டியலில் 820 மி.மீ. என்பதுபோல் போட்டிருக்கும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். சாதாரண ரோடு வண்டியில் நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் சஸ்பென்ஷன் 30 முதல் 40 மி.மீ. வரை இறங்கும். கரடுமுரடான பாதைக்கும் ஏற்றபடி நீளமான சஸ்பென்ஷன் உள்ள அட்வெஞ்சர் வண்டியில் இன்னும் கூடுதலாக இறங்கும். இதைவிடப் பெரிய விஷயம் சீட்டின் அகலம். முன்பக்கம் ஒடுங்கிய 840 மி.மீ. சீட்டில் இரு கால்களும் தரையைத் தொடும், அகன்ற 810 மி.மீ. சீட்டில் தொடாது, ஏனென்றால் தொடை வெளிப்பக்கம் விரிந்து அந்த நீளத்தைத் தின்றுவிடுகிறது. ஒரு பாதத்திலிருந்து சீட்டைச் சுற்றி மறுபாதம் வரை உள்ள வளைவின் நீளத்தை பிஎம்டபிள்யூ தன் பட்டியலிலேயே தருகிறது. மற்ற வண்டிகளில் நீங்களே டேப்பைச் சுற்றிப் பார்த்துக்கொள்ளலாம்.

அரங்கில் வண்டியை எப்படி நிறுத்தியிருக்கிறார்கள் என்று முதலில் குனிந்து பாருங்கள். பல இடங்களில் சக்கரத்தை ஒரு தாங்கியில் கவ்வி நேராக நிறுத்தியிருப்பார்கள். சக்கரம் நிற்கிற மட்டமும் உங்கள் கால் ஊன்றும் மட்டமும் ஒன்றுதானா? தாங்கியின் தகடு இரண்டு செ.மீ. தூக்கியிருந்தால், உங்களுக்கு எட்டுகிற வண்டிகூட எட்டாததுபோல் தெரியும். வண்டி சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நின்றால் நேர் எதிர், இடது கால் எப்போதும் எட்டும். அரங்கில் இருப்பவரைக் கூப்பிட்டு, அவர் பக்கத்தில் பிடித்துக்கொள்ள வண்டியை நிமிர்த்தித் தரச் சொல்லுங்கள். தயங்க வேண்டாம், அதற்காகத்தான் அவர் அங்கே நிற்கிறார். "இதில் இருப்பது கம்பெனி சீட்டா, தாழ்ந்த சீட்டா?" என்றும் கேளுங்கள். காட்சி வண்டியில் தனியாக விற்கும் சீட்டை மாட்டியிருப்பது உண்டு.

எடையும் அப்படித்தான். அரங்குக்குள் நிற்கிற வண்டியின் டேங்கில் பெட்ரோல் அநேகமாக இருக்காது. லிட்டருக்கு முக்கால் கிலோ என்று வைத்தால் 18 லிட்டர் டேங்கில் 13, 14 கிலோ குறைகிறது, அதுவும் வண்டியின் உச்சியில். இடுப்பால் இருபக்கமும் ஆட்டிப் பார்த்து 'லேசாக இருக்கிறதே' என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

ஏறி உட்கார்ந்ததும் ஹேண்டிலைப் பிடிக்காதீர்கள். இரு பாதங்களையும் ஃபுட்பெக்கில் வைத்து, கைகளைத் தொடையில் வைத்து, ஓட்டும் சாய்வுக்கு உடம்பைக் கொண்டுவாருங்கள் (வண்டி தாங்கியில் கெட்டியாக இருந்தால் மட்டும்). வயிறும் முதுகும் தாங்குகிற நிலையில் கைகளை நீட்டினால் பிடி தானாகக் கையில் வந்து சேர வேண்டும். முன்னால் விழுந்து பிடிக்க வேண்டியிருந்தால் அந்த எடை முழுக்க நாளைக்கு உங்கள் மணிக்கட்டில்தான். பிறகு ஹேண்டிலை இருபக்கமும் கடைசிவரை திருப்புங்கள். வெளிப்பக்கக் கை பிடியை விட்டு நழுவுகிறதா? உள்பக்கக் கட்டைவிரல் டேங்கில் நசுங்குகிறதா? நெருக்கமான இடத்தில் யூ திருப்பம் போடும்போது வண்டியைக் கீழே போடவைப்பது இந்த இரண்டும்தான். கிளட்ச் லீவரை இருபது முறை இழுங்கள். மூன்றாவது முறை எல்லா லீவரும் லேசுதான், இருபதாவதில் முன்கை சொல்லிவிடும். லீவரின் தூரத்தைக் கூட்டிக் குறைக்கும் சின்னச் சக்கரம் இருக்கிறதா என்று பாருங்கள், பிரேக் பக்கம் மட்டும் வைத்துவிட்டு கிளட்ச் பக்கம் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. கால்களைக் கீழே ஊன்றி, வண்டியைத் தள்ளுவதுபோல் முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஃபுட்பெக் கெண்டைக்காலில் இடித்தால் ஒவ்வொரு சிக்னலிலும் இடிக்கும். சைடு ஸ்டாண்டை உட்கார்ந்தபடியே குதிகாலால் தள்ளிவிட முடிகிறதா? கண்ணாடியில் உங்கள் முழங்கை தவிர வேறு ஏதாவது தெரிகிறதா? பின்னால் உட்காரப்போகிறவரை அழைத்துப் போனால் அவரையும் ஏற்றிப் பாருங்கள், அவருடைய முழங்கால் மடிப்பு உங்களுடையதைவிட மோசமாகத்தான் இருக்கும்.

இறங்கியதும் ஒரு மெக்கானிக்கின் கண்ணோடு ஒரு சுற்று வாருங்கள். ஆயில் ஃபில்டர் கைக்கு எட்டுமா, ஆயில் மட்டம் பார்க்கும் கண்ணாடி எங்கே, ஏர் ஃபில்டரை மாற்ற டேங்கைக் கழற்ற வேண்டுமா, சென்டர் ஸ்டாண்ட் மாட்ட இடம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஸ்போக் சக்கரம் என்றால் டியூப் உள்ளதா டியூப்லெஸ்ஸா என்று கட்டாயம் கேளுங்கள். நடுவழியில் பஞ்சர் ஆனால், டியூப்லெஸ் டயரில் வெளியிலிருந்தே பிளக் போட்டுக் கிளம்பிவிடலாம். டியூப் என்றால் சக்கரத்தையே கழற்ற வேண்டும். இன்ஜின் வால்வுகளின் இடைவெளியைச் சரிபார்க்கும் சோதனை எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை என்பதும் முக்கியமான கேள்வி. வருங்காலச் செலவு அதில்தான் ஒளிந்திருக்கிறது.

இந்தக் கண்காட்சிகள் குளிர்காலத்தில் நடப்பதற்கும் காரணம் உண்டு. 1914-இல் தொடங்கிய மிலான் கண்காட்சி இப்போது நவம்பரில் நடக்கிறது, பர்மிங்காமில் நடப்பதும் நவம்பரில்தான். வண்டிகள் கொட்டகைக்குள் போர்த்திக் கிடக்கும் மாதங்களில் அடுத்த ஆண்டு மாடல்களைக் காட்டினால், வசந்தத்துக்குள் ஆர்டர் சேர்ந்துவிடும். உங்களுக்கும் அவசரம் இல்லை. அன்றைக்கே முன்பணம் கட்டாதீர்கள். ஐந்து இரண்டாகக் குறைந்தால் போதும், அந்த இரண்டையும் பனி போனபின் ஓட்டிப் பார்த்து முடிவெடுக்கலாம். வார நாளில், கதவு திறக்கும்போதே உள்ளே போய், அதிகக் கூட்டம் சேரும் அரங்கை முதலில் முடித்துவிடுங்கள். மதியத்துக்குமேல் ஒரு வண்டியில் இரண்டு நிமிடம் உட்காரக்கூட வரிசையில் நிற்க வேண்டியிருக்கும்.

ஹெல்மெட் வாங்க நல்ல இடம். பல கம்பெனிகளின் ஹெல்மெட்டுகளை ஒரே நாளில் போட்டுப் பார்க்கலாம், அதுதான் வேண்டும். புருவத்துக்கு இரண்டு செ.மீ. மேலே, காதுகளுக்கு மேலாகத் தலையைச் சுற்றி அளந்துகொண்டு போங்கள். ஆனால் சுற்றளவு பாதிதான். தலை உருண்டையா, முன்பின் நீண்டதா என்பது மீதி. சரியான அளவுதான் என்று தோன்றும் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு பதினைந்து நிமிடம் அரங்கைச் சுற்றுங்கள். கழற்றிவிட்டுக் கண்ணாடியில் நெற்றியைப் பாருங்கள். நடுவில் மட்டும் காசு அளவுக்குச் சிவந்திருந்தால், உங்கள் தலை அந்த ஹெல்மெட்டின் கூட்டைவிட நீளம். ஒரு சைஸ் பெரிதாக வாங்கினால் வலி போகும், பக்கங்களில் தளர்ந்துவிடும். வேறு கம்பெனிக்குப் போக வேண்டியதுதான். பொருந்தினால் வாரைப் பூட்டி, பின்விளிம்பைப் பிடித்து முன்னோக்கித் தூக்கச் சொல்லுங்கள், கழன்று வரக் கூடாது. ஐரோப்பியச் சான்று உள்ள ஹெல்மெட் என்றால் வாரில் தைத்திருக்கும் லேபிளைப் பாருங்கள். எண் 05 என்று தொடங்கினால் பழைய விதி, 06 என்றால் புதிய விதி. புதியதில் தலை சுழலும்படி விழும் அடியையும் சோதிக்கிறார்கள். பெருந்தள்ளுபடியில் குவித்திருப்பவற்றில் 05 கலந்திருக்கலாம்.

ஜாக்கெட்டை நின்றுகொண்டு பார்த்து வாங்காதீர்கள். போட்டுக்கொண்டு பக்கத்து அரங்கு வண்டியில் போய் உட்காருங்கள், வேறெந்தக் கடையிலும் இந்த வசதி எளிதில் கிடைக்காது. கையை நீட்டியதும் மணிக்கட்டு வெளியே வந்தால் கை நீளம் போதாது. முழங்கைக் காப்பு எலும்பின்மேல் நிற்கிறதா, நழுவி முன்கைக்குப் போகிறதா என்று தடவிப் பாருங்கள். ஜாக்கெட்டின் லேபிளில் ஈ.என். 17092 (ஐரோப்பியத் தர எண்) என்றும் ஏஏஏ, ஏஏ, ஏ என்றும் போட்டிருக்கும். தேய்ந்து கிழியாமல் தாங்குவதில் ஏஏஏ உச்சம். காப்புகளில் லெவல் 2, லெவல் 1-ஐவிடக் குறைவான அடியைத்தான் உடம்புக்குக் கடத்தும். முதுகுக் காப்பு உள்ளே இருக்கிறதா என்று பையைத் திறந்தே பாருங்கள். பல ஜாக்கெட்டுகளில் வெறும் ஸ்பாஞ்சுதான் இருக்கும்.

இனி பயணம். தரை உறையாத நாள் என்றால் வண்டியிலேயே போங்கள். பூட்ஸ், பேன்ட் எல்லாம் தானாக உடம்பில் இருக்கும், ஹெல்மெட்டையும் ஜாக்கெட்டையும் வாசலில் பொருள் வைப்பறையில் கொடுத்துவிடலாம். முன்னறிவிப்பு 3 டிகிரிக்குக் கீழே என்றால் ரயில். காற்று உறைநிலைக்கு மேலே இருந்தாலும் நிழல் விழும் வளைவுகளும் பாலங்களும் முன்னதாகவே உறைந்துவிடும். 5 டிகிரியில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போனால் தோலுக்கு அது மைனஸ் 3 டிகிரி. விரல் விறைப்பதற்கு கிளவுஸை மட்டும் குறை சொல்லாதீர்கள். நெஞ்சு குளிர்ந்தால் உடம்பு விரல்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடும். மின்சூட்டு உடை வாங்குவதானால் முதலில் உள்ஜாக்கெட், பிறகு கிளவுஸ். உள்ஜாக்கெட் 75 முதல் 100 வாட் வரை இழுக்கும், அந்த அளவு மின்சாரம் உங்கள் வண்டியில் மிச்சம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டயர் காற்றைக் கிளம்பும் காலையில், ஓட்டுவதற்கு முன் பாருங்கள். ஐந்தாறு டிகிரி குளிர்ந்தால் ஒரு பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) இறங்கும், வெயில் காலத்தில் 36 வைத்தது இப்போது 32 காட்டலாம். மூன்று மணிக்கெல்லாம் திரும்பக் கிளம்பிவிடுங்கள், குளிர்கால இருட்டு சீக்கிரம் வரும், ஈரத்தரை அதோடு உறையத் தொடங்கும்.

வீட்டுக்கு வந்ததும், எவ்வளவு களைப்பு இருந்தாலும், பனி உறையாமல் இருக்கச் சாலையில் தூவும் உப்பை வண்டியிலிருந்து கழுவிவிடுங்கள். பச்சைத் தண்ணீர் போதும், சுடுநீர் வேண்டாம், அது உப்பின் அரிப்பை வேகப்படுத்தும். பிரேக் காலிப்பர், செயின், ரேடியேட்டர், எக்ஸாஸ்ட் குழாய் இணையும் இடம் ஆகியவற்றில் மெதுவாக ஊற்றுங்கள், பீய்ச்சி அடிக்காதீர்கள், பேரிங்குக்குள் நீர் ஏறும். துடைத்துக் காய்ந்தபின் செயினுக்கு மசகு எண்ணெய் போட்டுவிட்டுப் படுக்கப் போங்கள்.